நீரைத் தாங்கும் சிறு பட்டை

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று மீன்தொட்டி ஓர் அணிகலனாக அமைந்துவிட்டது. விறாந்தையிலோ மண்டபத்திலோ அதனை வைத்து, மாலை வேளையில் விளக்கை ஏற்றிவிட்டால், சிறாரும் முதியோரும் பொழுது போவது தெரியாது அதனை நோக்கியிருப்பர். தங்கமீனின் வாலசைவும், கப்பி மீன்களின் நிறவேறுபாடும், நீர்த்தாவரங்களின் பசுமையும் கண்ணைக் கவர்வன. ஆயின், தொட்டியின் மேல்விளிம்பில், முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே பாலம்போற் கிடக்கும் ஒரு சிறு பட்டையை நோக்குவார் எத்துணைப் பேர்? கண்ணாடிக் கடைக்காரர் அதனைப் ‘பிறேஸ்’ என்பர். நாம் இங்கே தாங்குபட்டை என்போம்.

தேருக்கு அச்சாணி எப்படியோ, நீண்ட மீன்தொட்டிக்கு இத் தாங்குபட்டை அப்படி. அது முறிந்த பின்னும் தொட்டி நிற்கக்கூடும். ஒரு கிழமை நிற்கலாம், ஓராண்டும் நிற்கலாம். “நேற்று நின்றது, இன்றும் நிற்கின்றது, நாளை பார்த்துக்கொள்வோம்” என்று வீட்டார் இருந்துவிடுவது இதனாலேயே. இந்த எண்ணம் ஏன் பிழையானது என்பதையும், பட்டை முறிந்த வீட்டில் செய்யத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நீரின் வலிமை

நான்கடி நீளமான தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 120 சதமமீற்றர். அகலம் 45 சதமமீற்றர். நீரின் ஆழமும் 45 சதமமீற்றர். இதிலுள்ள நீர் 243 லீற்றர். அதன் நிறை 243 கிலோகிராம். இவ்வளவையும் அடித்தளம் தாங்குகின்றது என்பது யாவர்க்கும் தெரியும். முன்கண்ணாடி எவ்வளவு தாங்குகின்றது?

நீரின் அமுக்கம் ஆழத்தோடு வளர்வது. மேற்பரப்பிற் சூனியம்; 45 சதமமீற்றர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சதமமீற்றர் மீதும் 45 கிராம். ஆகவே சராசரி இருபத்திரண்டரைக் கிராம். முன்கண்ணாடியில் நீர் படும் பரப்பு 5,400 சதுர சதமமீற்றர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 121 கிலோகிராம் வருகின்றது. ஐம்பது கிலோ அரிசி மூடைகள் இரண்டரை, அக் கண்ணாடியை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதாக எண்ணுக.

இங்கே மாணவர் கருதவேண்டியது ஒன்றுண்டு. மேற்படி கணக்கில் தொட்டியின் அகலம் வரவேயில்லை. தொட்டி ஓரடி அகலமாயினும் பத்தடி அகலமாயினும், ஆழமும் நீளமும் மாறாதவரை முன்கண்ணாடி மீதுள்ள விசை ஒன்றே. நீரின் அமுக்கம் ஆழத்தைப் பொறுத்ததேயன்றி நீரின் மொத்த அளவைப் பொறுத்ததன்று என்னும் இவ்வுண்மையைப் பிளெமிய அறிஞராகிய சைமன் ஸ்டெவின் 1586 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இன்னொன்றும் உண்டு. ஆழத்தைப் பாதியாக்கினால் அமுக்கமும் பாதியாகும்; நீர் படும் பரப்பும் பாதியாகும். ஆகவே விசை காற்பங்காகிவிடும். 121 கிலோகிராம் 30 கிலோகிராமாக இறங்கும். இக்கணக்கை மறவாதிருப்போமாக, முறிந்த தொட்டிக்கு முதலுதவி இதுவே.

பட்டை மேலே இருப்பதேன்?

அமுக்கம் அடியிலன்றோ மிகுதி. தாங்குபட்டை மட்டும் மேலே இருப்பதேன் என்று கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே. இரணைமடுக் குளத்தின் கட்டைப் பார்த்தவர்கள் அது அடியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் இருப்பதை அறிவர். கீழே நீரமுக்கம் மிகுதி என்பதும், மண் சரியாது நிற்கவேண்டும் என்பதும் அவ்வாறு அமைத்ததன் காரணங்கள்.

கண்ணாடித் தொட்டியின் நிலை வேறு. முன்கண்ணாடியின் அடிவிளிம்பு அடித்தளத்தோடு ஒட்டப்பட்டிருக்கின்றது. இரு பக்கவிளிம்புகளும் பக்கக் கண்ணாடிகளோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. மேல்விளிம்பு மாத்திரமே பற்றுக்கோடின்றி நிற்கின்றது. எனவே நீர் தள்ளும்போது நீண்ட கண்ணாடி மிகுதியாக வெளியே வளைவது மேல்விளிம்பின் நடுவிலேதான். அந்த நடுவிடத்தைப் பின்கண்ணாடியோடு பிணைத்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். முன்கண்ணாடி முன்னே தள்ளப்படுகின்றது. பின்கண்ணாடி அதே அளவு பின்னே தள்ளப்படுகின்றது. இவ்விரு எதிர்விசைகளையும் சமன் செய்யும் கயிறு போன்றது தாங்குபட்டை.

இரு முனைகளிலும் தாங்கப்பட்டு, நீளம் முழுவதும் சீராகப் பாரம் ஏற்றப்பட்ட சட்டம் ஒன்றின் வளைவு, நீளத்தின் நான்காம் வலுவுக்கு நேர்விகிதசமம் என்று பௌதிகம் கூறும். நீளம் பாதியானால் வளைவு பதினாறில் ஒரு பங்காகும். தொட்டியின் மேல்விளிம்பு முற்றிலும் இத்தகையதன்று. எனினும் நடுவில் ஒரு பட்டை இட்டதும் வளைவு ஏன் அவ்வளவு குறைகின்றது என்பதை இது நன்கு உணர்த்தும். அப்பட்டை முறிந்ததும் வளைவு ஏன் திடீரென மிகுகின்றது என்பதும் இதனாலே விளங்கும்.

சட்டகம் போய்ப் பட்டை வந்த கதை

1853 ஆம் ஆண்டு இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கையியலாளர் இதுபற்றி ஒரு நூல் வெளியிட, வீட்டில் மீன் வளர்க்கும் ஆவல் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அக்காலத்துத் தொட்டிகள் உலோகச் சட்டகத்துள் கண்ணாடியை வைத்துப் புட்டி இட்டு இறுக்கியவை. கண்ணாடி வளையாது காத்தது அச்சட்டகம். சட்டகம் துருப்பிடிக்கும், புட்டி காய்ந்து வெடிக்கும், நீர் கசியும். ஆயினும் மேல்விளிம்பைப் பிடித்துக்கொள்ள உலோகம் இருந்தது.

1960 களின் பின் சிலிக்கோன் என்னும் பசை பரவலாயிற்று. கண்ணாடியை இறுகப் பற்றும் தன்மையும், காய்ந்தபின்னும் றப்பர்போல் நெகிழும் தன்மையும் அதற்கு உண்டு. அதன்பின் உலோகச் சட்டகம் வேண்டப்படாததாயிற்று. நாற்புறமும் தெளிந்த கண்ணாடித் தொட்டி வழக்கில் வந்தது. சட்டகம் செய்த வேலையிற் பெரும்பகுதி மேலேயுள்ள சில கண்ணாடிப் பட்டைகள் மீது சுமத்தப்பட்டது. சில தொட்டிகளில் மேல்விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையமும், அதனோடு ஒன்றாக வார்த்த நடுப்பட்டையும் இருக்கும். அழகு கூடிற்று, பொறுப்பு ஒரு சிறு துண்டில் வந்து குவிந்தது.

முறிவதற்குக் காரணங்கள்

பிளாஸ்டிக் பட்டைக்கு வெப்பமே பெரும்பகை. விளக்கு அதன் மீது நெருங்கி அமர்ந்திருந்தால், நாட்செல்லச் செல்லப் பட்டை நொய்ந்து, ஒருநாள் கீறி விடும். கண்ணாடிப் பட்டை நொய்வதில்லை; ஆயின் அதனைப் பற்றியுள்ள பசை விளிம்பிலிருந்து உரியக்கூடும். ஒட்டும்போது கண்ணாடியில் எண்ணெய்ப்பசையோ கைவிரற் சுவடோ இருந்தால் பற்று முதலிலேயே குறைவாக இருக்கும். தொட்டியைக் கழுவ எடுத்துச் செல்லும்போது பட்டையைக் கைப்பிடியாகக் கொண்டு தூக்குவதும், அதன்மேல் உணவுப் போத்தல்களை அடுக்குவதும் பலர் செய்யும் தீங்குகள். தொட்டியின் கீழுள்ள மேசை சமமாக இல்லாதிருப்பின் தொட்டி முறுக்குண்டு, ஒட்டுக்கள் யாவும் ஓயாது வருந்தும்.

“நேற்று நின்றது” என்பது சான்றாகுமா?

இரும்பு முறியுமுன் வளைந்து எச்சரிக்கும். கண்ணாடி அவ்வாறு செய்வதில்லை. ஓரளவு வளையும், விசை நீங்கினால் மீளும், எல்லை கடந்தால் ஒரு கணத்தில் உடையும். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத நுண்வெடிப்புக்களே அதன் வலிமையைக் குறைக்கின்றன என்று கிரிபித் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1921 இல் வெளியான ஆய்வில் நிறுவினார். நீண்டகாலம் இழுவிசைக்கு உட்பட்டிருக்கும் கண்ணாடியில், ஈரப்பதன் துணைசெய்ய, அந்நுண்வெடிப்புக்கள் மெல்ல மெல்ல வளரக்கூடும் என்பதும் பின்வந்த ஆய்வுகளால் அறியப்பட்டது.

ஆகவே, பட்டை முறிந்த தொட்டி நேற்று நின்றது என்பது இன்று நிற்கும் என்பதற்குச் சான்றன்று. ஒவ்வொரு நாளும் அது தன் சேமிப்பிலிருந்து சிறிது செலவழிக்கின்றது. எவ்வளவு மீதம் உண்டென்று காட்டும் கணக்குப் புத்தகம் எவரிடமும் இல்லை.

உடைந்தால் நேர்வது மீன்களின் இழப்பு மாத்திரமன்று. இருநூற்று நாற்பது லீற்றர் நீர் கண்ணாடித் துண்டுகளோடு நிலத்திற் பாயும். தொட்டியின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் குழந்தைகள். அருகில் மின்செருகியும் வயர்களும் இருக்கும். இதனை எண்ணுவோர் “நாளை” என்று சொல்லார்.

முதல் ஒரு மணி நேரம்

பட்டை முறிந்ததைக் கண்டவுடன், முதலில் தொட்டிக்குரிய மின்னிணைப்புக்கள் யாவற்றையும் நீக்குக. நீரைச் சூடாக்கும் கருவி இருப்பின், அதனை நிறுத்திச் சிறிது நேரம் ஆறவிட்ட பின்னரே நீரை இறக்கவேண்டும். சூடான கருவி காற்றில் வெளிப்பட்டால் அதன் கண்ணாடி வெடிக்கும். சிறுவர்களை அவ்விடத்திலிருந்து அகற்றுக.

அடுத்து, றப்பர்க் குழாயால் நீரைப் பாதிக்கு இறக்குக. மேற்சொன்ன தொட்டியாயின் பத்து லீற்றர் வாளிகள் பன்னிரண்டு போதும். இந்நீரைக் கொட்டிவிடாது தூய பாத்திரங்களிற் சேர்த்துவைத்தால், மீன்களை இடம் மாற்ற அதுவே உதவும். புதிய குழாய்நீரில் குளோரீன் இருக்கும். அது மீனின் பூக்களைத் தாக்கும். வடிகட்டியிலுள்ள பஞ்சையும் உலரவிடலாகாது. மீன்கழிவிலுள்ள அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அதிலேயே வாழ்கின்றன. பஞ்சு உலர்ந்தால் அவை மடியும். தொட்டி சீரான பின்னும் மீன்கள் நஞ்சுண்டு இறக்கும். வடிகட்டியையும் காற்றுப் பம்பியையும் மீன்கள் உள்ள பாத்திரத்திலேயே இயக்குவது நன்று.

திருத்தும் முறை

எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் இத்தகைய நான்கடித் தொட்டி ஒன்று உண்டு. அதன் நடுப்பட்டை ஒருபுறம் உரிந்து தொங்கிற்று. உயர்தர வகுப்பு மாணவரை அழைத்து, நாடாவால் அளக்கச் செய்தோம். முனைகளில் அகலம் 45 சதமமீற்றர். நடுவில் அதனிலும் 7 மில்லிமீற்றர் மிகுதி. நீரைப் பாதிக்கு இறக்கியதும் அம்மிகுதி ஒரு மில்லிமீற்றராகக் குறைந்தது. தொட்டி வெறுமையானதும் முழுவதும் மறைந்தது. விசையும் வளைவும் பற்றிக் கரும்பலகையில் ஒரு மாதம் கற்பித்தும் விளங்காதது, அன்று ஒரு நாடாவினால் விளங்கிற்று.

உரிந்த பட்டையை ஆராய்ந்தோம். அது இரு கண்ணாடிகளுக்கும் இடையில் செருகி, தன் மெல்லிய முனைகளால் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. 8 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள முனைக்குப் பசை பற்றும் பரப்பு மிகச் சிறிது. இழுவிசை முழுவதும் பசையை நேரே பிய்த்தெடுக்க முயலும். ஆகவே வேறுமுறை கையாண்டோம். முன்கண்ணாடியின் உட்புறத்திலும் பின்கண்ணாடியின் உட்புறத்திலும், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, இரண்டங்குல அகலமான நீண்ட கண்ணாடிப் பட்டை ஒவ்வொன்று படுக்கையாக ஒட்டப்பட்டது. அவ்விரண்டின் மேலும் முனைகள் படியுமாறு, ஐந்தங்குல அகலமான குறுக்குப் பட்டை ஒன்று வைத்து ஒட்டப்பட்டது. இப்போது குறுக்குப் பட்டையின் முகம் நெடும்பட்டையின் முகத்தோடு அகன்ற பரப்பில் ஒட்டியிருக்கின்றது. நெடும்பட்டைகளோ தொட்டியின் நீளம் முழுவதும் பற்றியிருக்கின்றன. பட்டைகளின் தடிப்பு தொட்டிக் கண்ணாடியின் தடிப்பே. வெட்டிய விளிம்புகளைக் கடையிலேயே மழுங்கத் தேய்ப்பித்தோம். கூரிய விளிம்பு கையை வெட்டும், நுண்வெடிப்புக்கும் இடமாகும்.

ஒட்டுமுன் பழைய சிலிக்கோனைப் பிளேட்டினால் முற்றாகச் சுரண்டி எடுக்கவேண்டும். காய்ந்த சிலிக்கோன் மீது புதியது நன்கு பற்றாது. பலர் திருத்தியும் மீண்டும் உரிவது பெரும்பாலும் இதனாலே. சுரண்டிய இடத்தை அசற்றோன் தோய்ந்த துணியால் துடைத்து உலரவிட்டபின் கைபடலாகாது.

பசையை வாங்கும்போது, மீன்தொட்டிக்கு உகந்தது என்று குறிப்பிட்ட தூய சிலிக்கோனையே வாங்குக. குளியலறைக்கென விற்கப்படுவனவற்றிற் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். அது மீனுக்கும் நஞ்சு. காயும்போது வினாகிரி மணம் வீசும் வகை, அசற்றிக் அமிலத்தை வெளிவிடுவது. மணம் முற்றாக அகலும் வரை யன்னல்களைத் திறந்துவைக்கவேண்டும்.

சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றே இறுகுகின்றது. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு நாளில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவே அது இறுகும். வெளியே தொட்டுப் பார்த்து உலர்ந்தது என முடிவு செய்தலாகாது. அகன்ற ஒட்டின் நடுப்பகுதி பல நாள் இளகியே இருக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று இதற்குத் துணைசெய்வதாயினும், பொறுமைக்கு ஈடில்லை. எமது தொட்டியை மூன்று கிழமை அசையாது விட்டோம்.

நீரை மீண்டும் ஊற்றுவதிலும் நிதானம் வேண்டும். முதல்நாள் மூன்றிலொரு பங்கு. மறுநாள் மூன்றிலிரு பங்கு. மூன்றாம் நாள் முழுமை. ஒவ்வொரு முறையும் நடுவிலும் முனைகளிலும் அளந்து குறித்தல் அவசியம். அவ்வளவுகளை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பின்புறத்தில் ஒட்டி வைத்தால், பின்னொருநாள் ஐயம் எழும்போது ஒப்புநோக்க உதவும். நீர்மட்டத்தை 45 சதமமீற்றருக்குப் பதிலாக 40 ஆக வைத்தாற் கண்ணாடி மீதுள்ள விசையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்துவிடும். மீனுக்கு அதனாற் குறையொன்றுமில்லை.

பிளாஸ்டிக் பட்டையாயின்

பிளாஸ்டிக் நடுப்பட்டை முறிந்தால், உடனொட்டும் பசையைத் துளியிட்டு ஒட்டிவிடலாம் என எண்ணுவோர் பலர். அப்பசை விறைப்பானது, ஓயாத இழுவிசையையும் ஈரத்தையும் விளக்கின் வெப்பத்தையும் நெடுநாள் தாங்காது. சிலிக்கோனோ பிளாஸ்டிக்கைச் சரிவரப் பற்றாது. எனவே பிளாஸ்டிக்கை நம்பாது, வளையத்துக்குக் கீழே கண்ணாடி மீதே மேற்சொன்னவாறு பட்டைகளை ஒட்டுதல் சிறந்தது. புதிய வளையம் கிடைக்குமாயின் பழையதைக் கழற்றி முழுவதும் மாற்றலாம்.

கயிற்றாலோ கம்பியாலோ தொட்டியைச் சுற்றிக் கட்டுவதும் சிலர் வழக்கம். கயிறு நெகிழும், கம்பி மூலைகளை மட்டும் அழுத்தும், நடுவிற் பிடிக்கவேண்டிய இடத்தில் இரண்டும் பிடிப்பதில்லை. தச்சரிடம் உள்ள நீண்ட கிளாம்பை, மரத்துண்டு வைத்து, நடுவில் மெல்ல இறுக்குவது தற்காலிகக் காப்பாகலாம். அதுவும் நீரைப் பாதிக்கு இறக்கிய பின்னரே. நிரம்பிய தொட்டியை இறுக்கி வளைவை நிமிர்த்த முனைவது ஆபத்தானது.

திருத்தலாகாத தொட்டி

எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று கொள்ளுதலும் தகாது. முன்கண்ணாடியிலோ அடிக்கண்ணாடியிலோ வெடிப்பு இருந்தால், அல்லது மூலைகளிலுள்ள பசை பல இடங்களில் உரிந்திருந்தால், புதிய பட்டை அதனைக் காவாது. அத்தொட்டியில் நீர் நிரப்பும் எண்ணத்தையே விடுத்து, மண்ணிட்டுச் செடி வளர்க்கப் பயன்படுத்தலாம். பழம்பொருள் மீதுள்ள பற்றினால் புது ஆபத்தை வீட்டில் வைத்திருத்தல் அறிவுடைமையன்று.

குடும்பங்களுக்கு நாம் கூறுவது இதுவே: இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் தொட்டியின் மேல்விளிம்பைப் பாருங்கள். நாடா ஒன்றை எடுத்து முனைகளையும் நடுவையும் அளக்குமாறு பிள்ளைகளிடம் கூறுங்கள். ஐந்து நிமிட வேலை. பட்டை முழுமையாக இருந்தால் மகிழ்ச்சி. கீறியிருந்தால், கடை திறக்கும் நாளை எதிர்பாராது, முதலில் நீரை இறக்குங்கள். பசையும் கண்ணாடியும் நாளை வாங்கலாம். நீரை இறக்குவதற்கு இன்றே நேரமுண்டு.